அக்கா வீட்டுக்கும் மருந்து ரூமுக்கும் நடுவே

வாஸ்து பார்க்க வந்த அண்ணாச்சி காட்டுக்கு நடுவில் நின்று மூன்று சுற்றுச் சுற்றினார். கையில் மொபைல். மொபைலில் திசைகாட்டி.

தென்கிழக்கே திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"ஏம்மா, அக்னி மூலையில என்ன இருக்குன்னு பாத்தீயளா? பட்டாசு ஆபீஸ்! தீ இருக்க வேண்டிய மூலையில தீயையே கொண்டு வச்சிருக்கான் ஆண்டவன். லட்சத்துல ஒரு மனைக்குத்தான் இப்படி அமையும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அத்தான் அவர் சட்டைப் பையில் தட்சணையைச் செருகினார். நான் மட்டும் கும்பிடவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இது.

வெளியூர் வாசகர்களுக்கு இரண்டு விளக்கம் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் 'காடு' என்றால் யானை, புலி என்று கிளம்பிவிடாதீர்கள். மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலம்தான் காடு. பெய்தால் உளுந்து, சோளம். பெய்யாவிட்டால்... வெயில். அதேபோல, தொழிற்சாலை என்ற சொல்லையும் இங்கே யாரும் சீந்துவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். மேஜையும் ஃபைலும் இருக்கும் என்று உள்ளே போனால் ஏமாந்து போவீர்கள்.

நான் வேலை பார்ப்பது நிஜமான ஆபீஸ். மேஜை, ஃபைல், ஓர் இன்ஜினியர், ஒரு கம்ப்யூட்டர், அதில் வீட்டுப் பிளான் வரைகிற நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேலே டிப்ளமோ சிவில். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கழுத்து நிமிரும். நிமிரட்டுமே!

அக்கா முத்துச்செல்வி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் தீப்பெட்டி ஒட்டினாள். இப்போது பட்டாசு ஆபீஸில் வெடிக்குத் திரி வைக்கிறாள். ஆமாம், அதே ஆபீஸ்தான். அக்னி மூலையில் ஆண்டவன் கொண்டு வைத்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு லைன் வீட்டில் வாடகை வாழ்க்கை. ஒரு ரூம், பொதுக் குழாய், சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் 'ஆயுசு நூறு' சொல்லலாம். அப்பா பங்கு பிரித்தபோது இந்தக் காட்டை அக்காவுக்குக் கொடுத்தார். ரிப்பன் மாதிரி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். கிழக்கு முனையில் தார் ரோடு. அங்கே சரள் மண், கடப்பாரை போட்டால் நெருப்புப் பறக்கும். மேற்கு முனையில் ஓடை. அங்கே சுத்தக் கரிசல், மழை பெய்தால் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பும்.

வீடு எங்கே கட்டுவார்கள்? கிழக்கு முனையில்தான். நீங்களும் அங்கேதான் கட்டுவீர்கள்.

"என் தங்கச்சிதான் பிளான் போடுதா" என்று அக்கா லைன் வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கென்று நான் வரையும் முதல் பிளான். அதை வரையத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனேன்.

வாஸ்து அண்ணாச்சி பைக்கில் ஏறிப் போனதும் அத்தானைக் கேட்டேன்.

"அத்தான், இங்கேருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம் இருக்கும்?"

அத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தூரம் கேட்டால் கொஞ்சமும் யோசிக்க மாட்டார்.

"ஒன்னே முக்கால் கிலோமீட்டர்."

"என்னது?"

"எங்கிட்டயே கேள்வியா? ஆபீஸ் கேட்லேருந்து கிளம்பி, மெயின் ரோட்டுக்கு வந்து, வளைவு திரும்பி, நம்ம காட்டு முனை வரைக்கும் வண்டிய ஓட்டி மீட்டரையே பாத்துட்டேன். நீ சொல்லுவேன்னு தெரியும்லா? படிச்ச புள்ளைக்குப் பதில் சொல்லணும்னுதான் அளந்தே வச்சிருக்கேன்."

நான் தென்கிழக்கே கையை நீட்டினேன். பக்கத்துக் காட்டைத் தாண்டினால் ஆபீஸின் பின்பக்கக் கம்பி வேலி. அதற்குள்ளே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். கடைசி அறையின் சுவரில் எழுதியிருந்த நம்பரே இங்கிருந்து தெரிந்தது.

"அத்தான், அந்தா நம்பரை இங்கேருந்தே வாசிக்கேன். அது ஒன்னே முக்கால் கிலோமீட்டரா?"

"ரோட்டு வழியா அவ்வளவுதான்."

"ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா, அது ரோட்டைச் சுத்தியா வரும்?"

"பின்னே? ஹெல்மெட் போட்டுட்டு, சிக்னல் பாத்து வரும்" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அத்தான் ஜோக் அடித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது, அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

டேப்பை எடுத்தேன். முப்பது மீட்டர் டேப். அக்கா மகள் தர்ஷினி, இரண்டாம் வகுப்பு, முனையைப் பிடித்துக்கொண்டாள். வேலி வரைக்கும் அதை இரண்டு முறை முழுசாகப் போட்டு, மூன்றாவது முறை பாதி போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அறை வரை கண்ணளவுக்கு இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். அத்தானின் மீட்டரில் இது ஒரு புள்ளிகூட நகராது.

விதிப்படி எவ்வளவு விட வேண்டும் என்று கேட்கிறீர்களா? எண்ணை இங்கே எழுத மாட்டேன். உள்ளே என்ன வைக்கிறார்கள், எவ்வளவு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். நான் ஒன்றை எழுதி, நீங்கள் அதை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டு மனை பார்க்கக் கிளம்பினால் பாவம் எனக்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தூரத்தை கேட்டிலிருந்து அளப்பதில்லை, காம்பவுண்டிலிருந்தும் அளப்பதில்லை. மருந்து, அதாவது வெடிமருந்து, இருக்கிற அறையிலிருந்து அளக்க வேண்டும்.

அந்தக் கடைசி அறை என்ன அறை? அக்காவுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் வீட்டு ஆசையில் இருந்தவளைக் கேட்க மனம் வரவில்லை. அதைக் கேட்க மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் கேட்டுக்குப் போனேன்.

போர்மேன் சண்முகையா அண்ணாச்சிக்கு அக்காவைத் தெரியும். 'செல்வி தங்கச்சியா, வாம்மா' என்று ஸ்டூல் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அங்கனயா வீடு கட்டப் போறிய? அய்யய்யோ... கடைசியில இருக்கது மருந்து கலக்குற ரூமும்மா. அதுக்காகத்தானே அதை அவ்வளவு தூரம் பின்னால தள்ளி வச்சிருக்கு."

"எதுலேருந்து தள்ளி அண்ணாச்சி?"

"மத்த ரூமுலேருந்து."

"அப்போ எங்க காட்டுக்குப் பக்கத்துல தள்ளி வச்சிருக்கீங்க."

அண்ணாச்சி உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"லைசென்ஸ் வாங்கையில ஒரு வரைபடம் குடுக்கணும்மா. சுத்துமுத்தும் என்ன இருக்குன்னு அதுல காட்டணும். உங்க அக்கா காடும் அதுல இருக்கு."

"என்னன்னு போட்டிருக்கு?"

"காலி இடம்னு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பத்திரத்தில் அது எங்கள் காடு. சர்வே நம்பர் உண்டு, நாலு பக்க எல்லை உண்டு, அப்பாவின் பெருவிரல் ரேகை உண்டு. அவர்கள் வரைபடத்தில் அது அவர்களுடைய பாதுகாப்பு இடைவெளி. இரண்டு காகிதமும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் காகிதத்தை யாரும் அக்காவிடம் காட்டவில்லை. 'தாயி, உன் காடு சும்மா கிடப்பதை நம்பித்தான் நாங்கள் இங்கே மருந்து கலக்குகிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீங்க வீட்டைக் கட்டிட்டியன்னா நாளைக்கு ஆபீசர் வந்து எங்க லைசென்ஸத்தான் பிடிப்பாரு. நம்ம ஊர்ப் பொம்பளைய எத்தனை பேரு இங்கன வேலை பாக்காவ... யோசிச்சுக்கம்மா" என்றார்.

"சரி அண்ணாச்சி. உங்க வீடு எங்கே?"

"நம்ம வீடு டவுனுக்கு அந்தப் பக்கம்."

"அங்கே என்ன விசேஷம்?"

"நல்ல காத்தோட்டம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கலர் கலராகக் கொடி கட்டிய மனைப்பிரிவுகள். ஒரு மரம்கூட இல்லாத 'பசுமை நகர்'. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத 'நீரூற்று நகர்'. தொழிற்சாலை வந்து ஊரை நெருக்குகிறது என்று நாம் புலம்புகிறோம். பாதி நேரம் தொழிற்சாலை போட்ட இடத்திலேயேதான் கிடக்கிறது... ஊர்தான் ஒவ்வொரு மனையாக நகர்ந்து நகர்ந்து அதன் மடியில் போய் உட்காருகிறது. மண் பார்க்கிறோம், தண்ணீர் பார்க்கிறோம், தெருக்குத்து பார்க்கிறோம். பக்கத்தில் இருப்பவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்!

மறுநாள் லைன் வீட்டுக்குப் போனேன். அக்கா பொதுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அலுமினியப் பொடி. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் வெள்ளியாக மினுங்கும்.

"அக்கா, கிழக்கு முனையில வீடு வேண்டாம்."

கை கழுவுவது நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து ரூம், வரைபடம், காலி இடம். எங்கள் இன்ஜினியர் அந்தப் பிளானில் கையெழுத்துப் போட மாட்டார் என்பதையும் சொன்னேன்.

அத்தான் உள்ளே இருந்தபடியே, "ஊராட்சியில யாரு வந்து டேப் வச்சுப் பாக்கப் போறா? ரோட்டு மேல இத்தனை வீடு வந்திருக்கே!" என்றார்.

அக்கா எழுந்து நின்றாள். "ஏட்டி, நான் ஒட்டுன தீப்பெட்டியில படிச்சவ நீ. ஊர்ல எல்லாருக்கும் பிளான் போட்டுக் குடுக்க. எனக்குன்னு வந்ததும் கூடாதுன்னு சொல்லுத. இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சோமா?"

சுருக்கமாகப் புரிய வைத்துவிடலாம் என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது.

"அக்கா, நம்ம ஊர்ல சோளத்தட்டைப் படப்பை வீட்டுச் சுவரை ஒட்டியா போடுதோம்? ஊருக்கு வெளியே தள்ளித்தானே போடுதோம்? ஏன்? ஒரு பொறி விழுந்தா ஊரே போயிரும்னுதானே? இதுவும் அதேதான்."

படப்பு என்றால் வைக்கோல் போர் மாதிரி அடுக்கி வைத்த தட்டை. சரியான உதாரணம் என்று எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படப்புக்குள்ள போயி யாராவது காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருப்பாவளாட்டி?"

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பகல் பூரா அதுக்குள்ளதான் இருக்கேன். அங்கன உன் டேப் எத்தனை மீட்டர் காட்டும்? அப்போல்லாம் வராத பயம், நான் படுக்கப் போற வீட்டுக்கு மட்டும் எங்கேருந்து வருது உனக்கு?"

மூன்று வருடம் டிப்ளமோ. இருபது பேப்பருக்கு மேல் எழுதிப் பாஸ் செய்தவள். இப்படி ஒரு கேள்வி எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

நான்கு நாள் அக்கா போன் எடுக்கவில்லை. அத்தான் மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "இன்ஜினியரம்மா, உங்க அக்கா எனக்கும் சேத்து சோறு போடமாட்டேங்கா. உன் டேப்பால நான் பட்டினி."

ஆபீஸில் உட்கார்ந்து வேறு யார் யாருக்கோ படுக்கையறை வரைந்தேன். ஒவ்வொரு பிளானிலும் பக்கத்து மனைக்காரர் பெயரை எழுதுகிற இடத்தில் கை தயங்கியது. அந்தக் கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை நான் மட்டும் கேட்டிருக்கிறேனா?

சனிக்கிழமை மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். ஹலோ கிடையாது.

"ஓடைப் பக்கத்து முனை எவ்வளவு தூரம் வரும்?"

"தாராளமா வரும்க்கா. அளந்து பாத்துட்டேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"சுத்தக் கரிசல். வெயில்ல வெடிக்கும், மழையில உப்பும். அஸ்திவாரம் நல்லா ஆழமாப் போகணும், தோண்டி கிராவல் அடிக்கணும். ரோடும் கிடையாது."

"சகதி காலுலதானே ஒட்டும். கழுவிக்கிடுவேன். நீ ஆழமாவே தோண்டு."

என்னால் நம்ப முடியவில்லை. "எப்படிக்கா மனசு மாறுன?"

அக்கா குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் உள்ள போகையில செல்லை கேட்ல குடுத்துருவேன். பருத்திச் சேலைதான் உடுத்துவேன். கொலுசு கிடையாது, வளையல் கிடையாது. எங்கனயாவது டப்புன்னா நான் யோசிக்க மாட்டேன், கால் தானா ஓடிரும். அப்படிப் பழகிருக்கு. தர்ஷினி படுத்துட்டா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. தூக்கிக் கிணத்துல போட்டாலும் மிதந்துக்கிட்டுத் தூங்குவா."

"ம்..."

"நான் சம்பளம் வாங்குதேன், அதனால போறேன். அவ எதுக்குட்டி அங்கன கிடக்கணும்?"

போனை வைத்துவிட்டாள்.

நான் விதி சொன்னேன், வரைபடம் சொன்னேன், படப்பு சொன்னேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். இடர்ப்பாட்டுக்குச் சம்மதித்துச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர். சம்மதம் கேட்கப்படாமலே பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் இன்னொருவர். பாதுகாப்புத் தூரம் என்று நாங்கள் புத்தகத்தில் படிப்பது அந்த இரண்டாவது ஆளுக்கானது. புத்தகத்தில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேற்கு முனையில் முளைக்குச்சி அடித்தோம். வாஸ்து அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை. அத்தான் லோடு ஆட்டோவைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு, காடு முழுக்க நடந்து வந்து, "இந்தத் தூரத்தை மீட்டர்ல ஏத்த முடியலியே" என்று அங்கலாய்த்தார். பக்கத்துக் காட்டுக்காரர் வண்டிப்பாதையில் போக வர விடுவதாகச் சொல்லியிருக்கிறார். பாதைக்குச் சரள் அடித்துத் தரும்படி அக்கா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறாள். 'உங்க இடைவெளியை நாங்கதானே காக்கோம்' என்று அதில் ஒரு வரி. நான்தான் எழுதிக் கொடுத்தேன், வரி அவளுடையது. முதலாளி 'பாக்கலாம்' என்றாராம். நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அக்கா மறுபடி கேட்பாள், அவளையும் எனக்குத் தெரியும்.

தர்ஷினி கயிற்றைப் பிடித்து நின்றாள். அவள் ரூம் எங்கே என்று கேட்டாள், காட்டினேன். அந்தக் கட்டத்துக்குள் படுத்துப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் கரிசலோடு எழுந்து ஓடினாள்.

அப்போதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அங்கன உன் டேப் எத்தனை மீட்டர் காட்டும்?

"அக்கா, ஒன்னு சொல்லுதேன், கேக்கியா? ஆபீஸ்ல நீ வாசலை ஒட்டி உக்காரு."

அக்கா சிரித்தாள். தர்ஷினியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது பெரிய கண்டுபிடிப்பு! அந்த இடத்துக்குத்தானே முன்னெல்லாம் காலையில ஆபீஸ் வேனுக்கு முந்தி முந்தி வந்து நின்னோம். வாசலை ஒட்டி ஒரு ஆளுதான் உக்கார முடியும். பொறவு சண்டை வரக் கூடாதுன்னு வாரத்துக்கு ஒருத்தின்னு முறை வச்சிருந்தோம்."

"இப்போ யாரு முறை?"

"இப்போ முறையெல்லாம் இல்ல. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்து சேந்திருக்கா. பால் குடிக்கிற பிள்ளைய மாமியாட்ட விட்டுட்டு வாரா. ரூமுக்கு நாலு பேரு. மத்த மூணு பேரும் பேசி, அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்குடுத்துட்டோம்."

எந்த ஆபீசரும் வந்து சொல்லவில்லை. எந்த வரைபடத்திலும் அந்த இடம் இல்லை.

"அப்போ நீ எங்கேக்கா உக்காருத?"

அக்கா குனிந்து அடுத்த முளைக்குச்சியை எடுத்தாள். நுனியில் ஒட்டியிருந்த கரிசலைத் தட்டினாள்.

"ஏட்டி, வீட்டை அளக்கத்தானே வந்த? அதை அள."